ஜியோஜாங்கோவில் புள்ளி இடம் மாறினால் எங்கே தேடுவது?

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருக்க வேண்டிய கடை, வரைபடத்தில் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கிறது. 5 கிலோமீட்டருக்குள் உள்ள கடைகளைக் கேட்டால் டேபிளில் இருக்கும் எல்லாக் கடைகளும் வந்து விழுகின்றன. இன்னொரு குவெரியில் ஒன்றுகூட வரவில்லை, எரரும் இல்லை. பைத்தான் வெப் கட்டமைப்பான ஜாங்கோவில் இடத் தரவைக் கையாளும் ஜியோஜாங்கோ பகுதியையும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அதே வேலையைச் செய்யும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு இந்த மூன்றும் பழக்கமான தொல்லைகள். வெவ்வேறு பிழைகள்போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். டேட்டாபேஸிலோ குவெரியிலோ இருக்கும் எண்களும், அந்த எண்கள் எந்த முறையில், எந்த அலகில் எழுதப்பட்டவை என்று சொல்லும் எஸ்ஆர்ஐடியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல் கண்ட இடத்திலெல்லாம் டிரான்ஸ்ஃபார்ம் (எண்களை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் கட்டளை) போட்டால் சிக்கல் கூடும். அதனால் முதலில் எண்ணைப் பார்க்கப் பழகுவோம்.

ஒரே இடம், மூன்று எண்கள்

சென்னையில் ஒரு புள்ளி: தீர்க்கரேகை 80.27, அட்சரேகை 13.08. ஜிபிஎஸ் தருவது இந்த வடிவம். இதன் எஸ்ஆர்ஐடி 4326, அலகு டிகிரி. கூகுள் மேப்ஸ், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்றவற்றின் வரைபடத் துண்டுகள் வரையப்படும் வெப் மெர்கேட்டர் முறையில் அதே புள்ளி சுமார் 89,35,600 மற்றும் 14,68,900. அதன் எஸ்ஆர்ஐடி 3857, அலகு மீட்டர். பூமியை மண்டலங்களாகப் பிரித்து அளக்கும், நில அளவைக்கு ஏற்ற யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்தில் (எஸ்ஆர்ஐடி 32644) அதே புள்ளி சுமார் 4,20,900 மற்றும் 14,46,100. இதுவும் மீட்டர்தான்.

இந்த மூன்று அளவுகளும் மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பிழைகளைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். எண் 180க்குள் இருந்தால் டிகிரி. கிழக்கு எண் 90 லட்சத்தைத் தொட்டு நின்றால் வெப் மெர்கேட்டர். கிழக்கு எண் ஆறு இலக்கமாகவும் வடக்கு எண் 10 லட்சத்துக்கு மேலும் இருந்தால், நம் ஊர்ப் புள்ளி பெரும்பாலும் யுடிஎம்.

எஸ்ஆர்ஐடி என்பது எண்ணுடன் ஒட்டிக்கொண்டு வரும் ஓர் அடையாளம் மட்டுமே. எண் சரிதானா என்று அது சோதிப்பதில்லை. 80.27, 13.08 என்ற எண்களின் மேல் 3857 என்று எழுதினால் போஸ்ட்ஜிஐஎஸ் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதாவது பூஜ்யப் புள்ளியிலிருந்து கிழக்கே 80 மீட்டர், வடக்கே 13 மீட்டர் என்று அது புரிந்துகொள்கிறது. அந்தப் புள்ளியை 4326க்கு மாற்றச் சொன்னால் 0.0007, 0.0001 என்று விடை வரும். அந்த இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், கடல் நடுவே இருக்கிறது. ஆகவே மாற்றத்துக்குப் பிறகு விடை பூஜ்யத்தை ஒட்டி வந்தால், டிகிரி எண்ணுக்கு மீட்டர் அடையாளம் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

தலைகீழாக, 89 லட்சம் என்ற எண்ணுக்கு 4326 என்று எழுதி அதை மாற்றச் சொன்னால், ஆயத்தொலைவு செல்லாது என்றோ அட்சரேகை, தீர்க்கரேகை வரம்பைத் தாண்டியது என்றோ எரர் வரும். எந்த வாசகம் வரும் என்பது உள்ளே இந்த மாற்றத்தைக் கணக்கிடும் ப்ராஜ் நூலகத்தின் பதிப்பைப் பொறுத்தது. எரர் வந்த வரியில் கோளாறு இருக்காது; அந்தப் புள்ளி டேபிளுக்குள் நுழைந்த இடத்தில்தான் இருக்கும்.

அடையாளத்தை மாற்றுவதும் எண்ணை மாற்றுவதும்

எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி அடையாளத்தை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் எண்களைக் கணக்கிட்டு மாற்றி, புதிய அடையாளத்தையும் வைக்கும். 100 ரூபாய் நோட்டின்மேல் டாலர் என்று எழுதுவதற்கும், வங்கியில் கொடுத்து டாலராக மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் பிழை: ஃபீல்டு 3857இல் இருக்கிறது, 4326 வேண்டும், அதனால் செட்எஸ்ஆர்ஐடி 4326 என்று எழுதிவிடுவது. எரர் மறைந்துவிடும், டேட்டா பாழாகிவிடும். அப்டேட்ஜியோமெட்ரிஎஸ்ஆர்ஐடி என்ற ஃபங்ஷனும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்கள் சரியாக இருந்து அடையாளம் மட்டும் தவறாகவோ பூஜ்யமாகவோ இருக்கும்போதுதான் செட்எஸ்ஆர்ஐடி சரியான மருந்து. எண்கள் வேறு முறைக்குப் போக வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்ம் மட்டுமே.

ஏற்கெனவே டேட்டா இருக்கும் ஃபீல்டின் எஸ்ஆர்ஐடியை மாடலில் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். தானாக எழுதப்படும் மைக்ரேஷனை நம்பாமல், ரன்எஸ்க்யூஎல் மூலம் ஆல்டர் காலம் டைப் என்ற, நெடுவரிசையின் வகையை மாற்றும் கட்டளையை நீங்களே எழுதி, அதன் யூசிங் பகுதியில் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்மை வையுங்கள். ஓட்டுவதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜியோஜாங்கோ சொல்லாமல் செய்யும் வேலைகள்

பாயின்ட்ஃபீல்டில் எஸ்ஆர்ஐடி எதுவும் தராவிட்டால் ஜியோஜாங்கோ 4326 என்று எடுத்துக்கொள்ளும். ஃபில்டரில் நீங்கள் தரும் ஜியோமெட்ரியின் எஸ்ஆர்ஐடி ஃபீல்டின் எஸ்ஆர்ஐடியிலிருந்து வேறுபட்டால், அந்த ஜியோமெட்ரியைச் சுற்றி எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் தானாகவே சேர்க்கப்படும். சேவ் செய்யும்போதும் அப்படியே. நல்ல வசதி. ஆனால் அடையாளம் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

எஸ்ஆர்ஐடி இல்லாத ஜியோமெட்ரியைத் தந்தால்? ஃபீல்டின் எஸ்ஆர்ஐடியே அதற்கும் என்று ஜியோஜாங்கோ வைத்துக்கொள்ளும். வெப் மெர்கேட்டர் எண்களைக் கொண்டு ஒரு பாயின்ட் உருவாக்கி, எஸ்ஆர்ஐடி தர மறந்து, 4326 ஃபீல்டில் தேடினால் இரண்டும் 4326 என்றே கருதப்படும். எனவே மாற்றம் எதுவும் நடக்காது. எரரும் வராது. விடை காலி. "குவெரி சரி, டேட்டாவும் இருக்கிறது, ஆனால் எதுவும் வரவில்லை" என்ற புகாரின் பின்னால் அடிக்கடி இருப்பது இதுதான்.

இடத் தரவை உரையாக அனுப்பும் ஜியோஜேசன் வடிவம் வழியாக வருவதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2016இல் வெளியான ஆர்எஃப்சி 7946 தரத்தின்படி ஜியோஜேசன் எப்போதும் டிகிரியில்தான் இருக்க வேண்டும். அதனால் ஜியோஜேசன் சரத்திலிருந்து உருவாகும் ஜியோமெட்ரிக்கு ஜாங்கோ 4326 என்றே அடையாளம் வைக்கிறது. பிரவுசரில் வரைபடம் காட்டும் ஓப்பன்லேயர்ஸ் நூலகமோ இயல்பாக 3857இல் இயங்குகிறது. பயனர் வரைந்த பலகோணத்தை மாற்றாமல் அப்படியே ஜியோஜேசனாக எழுதி அனுப்பினால், லட்சக்கணக்கான மீட்டர்கள் 4326 என்ற பெயரில் சர்வருக்கு வந்துசேரும். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அனுப்பப்படும் எண்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

வெளியே அனுப்பும்போதும் கவனம் வேண்டும். ஜாங்கோவின் ஜியோஜேசன் சீரியலைசர், வேறு எதுவும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் 4326க்கு மாற்றித்தான் தரும். ஆஸ்ஜியோஜேசன் என்ற டேட்டாபேஸ் ஃபங்ஷன் மாற்றாது. யுடிஎம் ஃபீல்டு என்றால் யுடிஎம் எண்களே ஜியோஜேசனுக்குள் போகும். இன்னொரு வரைபட நூலகமான லீஃப்லெட்டில் எதுவும் தெரியாமல் வெறும் வரைபடம் மட்டும் வரும். அங்கே ஆஸ்ஜியோஜேசனுக்குள் டிரான்ஸ்ஃபார்ம் ஃபங்ஷனை 4326 என்று வைத்து எழுத வேண்டும்.

முன்பின் மாறிய எண்கள்

பாயின்ட்டின் முதல் எண் எக்ஸ், அதாவது தீர்க்கரேகை. அடுத்தது ஒய், அதாவது அட்சரேகை. ஜியோஜேசனும் அப்படியே. லீஃப்லெட்டும் கூகுள் மேப்ஸும் அட்சரேகையை முதலில் கேட்கின்றன. பேச்சிலும் "லாட் லாங்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

சென்னைப் புள்ளியை மாற்றிப் போட்டால் தீர்க்கரேகை 13.08, அட்சரேகை 80.27 ஆகிறது. அது நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே உள்ள ஆர்க்டிக் கடல். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் உரிய ஆபத்து இது. நம் தீர்க்கரேகை 90க்குக் கீழே இருப்பதால், மாறிப்போன எண்ணும் செல்லுபடியாகும் அட்சரேகையாகவே தெரிகிறது. எந்த எரரும் எழாது. சிங்கப்பூரில் தீர்க்கரேகை சுமார் 103.8. அதை அட்சரேகையாகப் போட்டு யுடிஎம்முக்கு மாற்றினால் உடனே எரர் வரும். ஜியாகிரஃபி வகை (பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் வகை) நெடுவரிசையில் போட்டாலோ, எண் வரம்புக்குள் கட்டாயப்படுத்தப்பட்டது என்று ஒரு நோட்டீஸ் மட்டும் வந்துவிட்டு, மாற்றப்பட்ட எண்ணே சேமிக்கப்படும். அது இன்னும் மோசம்.

ஏற்கெனவே டேபிளில் மாறிப்போய் இருந்தால் எஸ்டி_ஃப்ளிப்கோஆர்டினேட்ஸ் இரண்டையும் இடம் மாற்றும். ஓட்டுவதற்கு முன் எஸ்டி_எக்ஸ் 20க்குக் கீழும் எஸ்டி_ஒய் 70க்கு மேலும் உள்ள வரிசைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். பழைய கோடு நுழைத்த வரிசைகள் மட்டும் தவறாக இருக்கலாம். எல்லாவற்றையும் புரட்டினால் சரியாக இருந்தவை கெட்டுவிடும்.

தூரம்: இங்கேதான் நிதானம் தேவை

4326 ஃபீல்டில் 5 கிலோமீட்டருக்குள் தேட வேண்டும். எஸ்டி_டிவித்தினுக்கு 5000 என்று தந்தால் அது 5000 டிகிரி. பூமியே 360 டிகிரிதான். எல்லா வரிசைகளும் வரும். ஜாங்கோவில் டிவித்தின் லுக்கப்புக்கு டி(கேஎம்=5) என்ற தூரப் பொருளைத் தந்தாலோ, டிகிரி அலகில் வெறும் எண்ணைத்தான் ஏற்பேன் என்று வேல்யூஎரர் எழும். உடனே பலரும் 5ஐ 111ஆல் வகுத்து 0.045 என்று போட்டுவிடுகிறார்கள். சென்னையில் இது பெரிய பிழை தராது. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 110.6 கிலோமீட்டர், ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 108.4, ஆகவே வட்டம் கிழக்கு மேற்காகச் சற்றே நசுங்கும், அவ்வளவுதான். அதே கோடு லண்டனில் ஓடினால் கிழக்கு மேற்காக 3 கிலோமீட்டர் சொச்சம்தான் கிடைக்கும்.

வெப் மெர்கேட்டரில் அலகு மீட்டர்தானே, அதில் அளந்தால் என்ன? அந்த மீட்டர் தரையின் மீட்டர் அல்ல. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக அது நீண்டுகொண்டே போகும். சென்னையில் 2.7 விழுக்காடு அதிகம். 5000 என்று கேட்டால் தரையில் 4870 மீட்டர். லண்டனில் 60 விழுக்காடு அதிகம். 5000 என்றால் தரையில் 3110 மீட்டர் அளவுதான். பரப்பளவில் பிழை இருமடியாகும். சென்னையில் ஒரு மனையின் பரப்பை 3857இல் கணக்கிட்டால் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக வரும். 3857 திரையில் வரைவதற்கான முறை. அதில் தூரமும் பரப்பும் கணக்கிடவே கூடாது என்று உறுதியாக வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்தில் இருப்பதைத் தேடும் செயலிகளுக்கு எளிய, சரியான வழி ஜியாகிரஃபி. மாடல் ஃபீல்டில் ஜியாகிரஃபி=ட்ரூ என்று வைத்தால் எண்கள் டிகிரியிலேயே இருக்கும், தூரம் மீட்டரில் கணக்காகும், டிவித்தினில் டி(கேஎம்=5) நேராக வேலை செய்யும், இடத் தேடலை வேகப்படுத்தும் ஜிஸ்ட் இண்டெக்ஸும் பயன்படும். குறை ஒன்று உண்டு: ஜியோமெட்ரிக்கு உள்ள எல்லா ஃபங்ஷன்களும் ஜியாகிரஃபிக்கு இல்லை. பலகோணங்களை வெட்டுவது, இணைப்பது, எளிமையாக்குவது போன்ற வேலைகள் நிறைய இருந்தால் ஜியோமெட்ரியே வசதி.

ஜியோமெட்ரி 4326 ஃபீல்டில் டிஸ்டன்ஸ்_எல்டிஈ லுக்கப் டி பொருளை ஏற்கும். உள்ளே அது எஸ்டி_டிஸ்டன்ஸ்ஸ்பியரைப் பயன்படுத்துவதால் விடை மீட்டரில் சரியாகவே வரும். ஆனால் இண்டெக்ஸ் பயன்படாது. ஒவ்வொரு வரிசைக்கும் தூரம் கணக்கிடப்படும். ஆயிரம் வரிசை இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, லட்சங்களில் போகும்போதுதான் பக்கம் திறக்க நேரமாகிறது என்பார்கள்.

பைத்தானில் பஃபர் (புள்ளியைச் சுற்றி வட்டம்) போடும்போதும் இதே கதைதான். 4326 பாயின்ட்டில் பஃபர்(5000) என்றால் 5000 டிகிரி ஆரமுள்ள பொருளற்ற வட்டம். முதலில் மீட்டர் முறைக்கு மாற்றி, பஃபர் போட்டு, பிறகு 4326க்குத் திரும்ப வேண்டும்.

எந்த மீட்டர் முறை?

யுடிஎம் மண்டலம் ஒவ்வொன்றும் 6 டிகிரி அகலம். 78 டிகிரி கிழக்கு என்ற எல்லைக்கோடு தமிழ்நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. சென்னை, மதுரை, திருச்சி, சேலம் 44ஆம் மண்டலத்தில் (32644). கோவை, ஈரோடு, திருநெல்வேலி, கன்னியாகுமரி 43இல் (32643). திண்டுக்கல் கோட்டை ஒட்டி 43இல் நிற்கிறது. இரண்டு மண்டல எண்களையும் ஒரே நெடுவரிசையில் கலந்து சேர்ப்பது ஆகாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே மண்டலம் போதும் என்றால் 44ஐ எடுத்துக்கொள்ளலாம். கோவையில் அது ஏறத்தாழ 0.2 விழுக்காடு, அதாவது கிலோமீட்டருக்கு 2 மீட்டர் பிழை தரும். கடை தேடும் செயலிக்கு இது பொருட்டே அல்ல. மனை அளவைக்குப் போதாது.

இலங்கைத் தரவுகளில் வேறொரு கண்ணி இருக்கிறது. பழைய கண்டவல கிரிட்டுக்கு (5234) தோற்றப்புள்ளி எண்கள் 2,00,000. எஸ்எல்டி99 கிரிட்டுக்கு (5235) 5,00,000. கொழும்பு பழையதில் சுமார் 1 லட்சம், 1.9 லட்சம் என்றும், புதியதில் சுமார் 4 லட்சம், 4.9 லட்சம் என்றும் வரும். புள்ளிகள் எல்லாம் இரு திசையிலும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் இந்த இரண்டும் மாறிப்போயிருக்கின்றன.

எல்லாம் நூறு, இருநூறு மீட்டர் ஒரே திசையில் நகர்ந்து நின்றால் அது வேறு வகைப் பிழை. பழைய இந்திய, இலங்கை வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை; ஜிபிஎஸ், டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறொரு மாதிரியை. பழைய வரைபடத்தின் டிகிரி எண்களை நேராக 4326 என்று பதிந்தால் இந்த நகர்வு வரும். கையால் கூட்டிக் கழித்துச் சரிசெய்யாமல், மூல முறையின் எஸ்ஆர்ஐடியைத் தெரிந்துகொண்டு அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்ம் செய்யுங்கள்.

கண்டுபிடிக்கும் வரிசை

குவெரி தவறாகப் போனால் ஜாங்கோ கோடைத் தொடாமல் முதலில் போஸ்ட்கிரெஸ்ஸின் கட்டளைச் சாளரமான பீஎஸ்க்யூஎல்லைத் திறங்கள். எஸ்டி_எஸ்ஆர்ஐடியால் குரூப் செய்து எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். அடுத்து எஸ்டி_எக்ஸ்டென்ட் போட்டு மொத்த டேட்டாவின் எல்லையைப் பாருங்கள். தமிழ்நாட்டு டேட்டா என்றால் எக்ஸ் 76 முதல் 80.5 வரை, ஒய் 8 முதல் 13.6 வரைக்குள் இருக்க வேண்டும். ஒரேயொரு புள்ளி மாறிப்போயிருந்தாலும் எல்லை விரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

டேட்டா சரி என்றால், ஜாங்கோ அனுப்பிய குவெரியைப் பாருங்கள். டீபக் நிலையில் கனெக்ஷன்.குவெரிஸ் காட்டும் எஸ்க்யூஎல்லில் ஜியோமெட்ரி பதினாறடிமான எண்களாக இருக்கும், படிக்க முடியாததுபோலத் தோன்றும். எஸ்ஆர்ஐடி உள்ள பாயின்ட் 0101000020 என்று தொடங்கும். அதை அடுத்து வரும் எட்டு எழுத்துகள் எஸ்ஆர்ஐடி, பைட்டுகள் பின்னிருந்து முன்னாக. இ6100000 என்றால் 4326. 110எஃப்0000 என்றால் 3857. 847எஃப்0000 என்றால் 32644. கடைசி 20க்குப் பதில் 00 வந்து, 0101000000 என்று தொடங்கினால் எஸ்ஆர்ஐடி இல்லை. முழுச் சரத்தையும் எடுத்து எஸ்டி_ஆஸ்ஈடபிள்யூகேடிக்குள் போட்டால் எண்களும் அடையாளமும் படிக்கும் வடிவில் வந்துவிடும். அந்தக் குவெரியில் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

அது நெடுவரிசையின் பக்கம் இருந்தால் ஜிஸ்ட் இண்டெக்ஸ் பயன்படாது, ஏனென்றால் இண்டெக்ஸ் இருப்பது மாற்றப்படாத எண்களுக்கு. மாற்றத்தை நீங்கள் தரும் ஒற்றைப் புள்ளியின் பக்கம் வையுங்கள். நெடுவரிசையை மாற்றியே ஆக வேண்டும் என்றால், எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் செய்த வடிவத்துக்கே தனி ஜிஸ்ட் இண்டெக்ஸ் உருவாக்கலாம்.

நீங்களே எழுதும் எஸ்க்யூஎல்லில் இரண்டு எரர்கள் அடிக்கடி வரும். மிக்ஸ்டு எஸ்ஆர்ஐடி என்றால் இருபுறமும் வெவ்வேறு அடையாளம். ஒரு பக்கம் டிரான்ஸ்ஃபார்ம் வேண்டும். அதிலேயே ஒரு பக்கம் 0 என்று காட்டினால் எஸ்டி_மேக்பாயின்ட்டைச் சுற்றி செட்எஸ்ஆர்ஐடி விட்டுப்போயிருக்கிறது. எஸ்ஆர்ஐடிகளின் பட்டியலான ஸ்பேஷியல்_ரெஃப்_சிஸ் டேபிளில் இந்த எஸ்ஆர்ஐடி இல்லை என்றால், எண்ணைத் தப்பாக அடித்திருக்கலாம், அல்லது பழைய 900913 போன்ற எண்ணைப் பயன்படுத்தியிருக்கலாம்; அதற்குப் பதில் 3857.

ஒரே மாற்றம் டேட்டாபேஸில் ஒரு விடையும் பைத்தானில் வேறு விடையும் தந்தால், இரண்டும் வெவ்வேறு இடத்தில் நடப்பதை நினைவில் கொள்ளுங்கள். எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் போஸ்ட்ஜிஐஎஸ் இணைத்துள்ள ப்ராஜ் நூலகத்தில் ஓடுகிறது. பைத்தான் ஜியோமெட்ரியின் டிரான்ஸ்ஃபார்ம் மெத்தட் உங்கள் சர்வரில் உள்ள ஜிடிஏஎல் என்ற இடத் தரவு நூலகம் வழியாக ஓடுகிறது. ஜிடிஏஎல் 3இலிருந்து 4326க்கு அட்சரேகை முதலில் என்ற வரிசை வந்தது. ஜாங்கோ 3.1இலிருந்து பழைய வரிசையையே காத்துத் தருகிறது. ஜிடிஏஎல்லை நேரடியாக அழைக்கும் உங்கள் கோடு காத்துத் தராது. ப்ராஜ்.டிபி கோப்பு கிடைக்கவில்லை என்று எரர் வந்தால் ப்ராஜ்_லிப் அல்லது ப்ராஜ்_டேட்டா என்ற சூழல் மாறி வேறு நிறுவலைக் காட்டுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் க்யூஜிஐஎஸ்ஸும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் இது சகஜம். டேட்டாபேஸ் பக்கத்துப் பதிப்பை போஸ்ட்ஜிஐஎஸ்_ஃபுல்_வெர்ஷன் சொல்லும்.

பைத்தான் டிரான்ஸ்ஃபார்ம் மெத்தட், குளோன்=ட்ரூ தராவிட்டால் அந்த ஜியோமெட்ரியையே மாற்றிவிடும், எதையும் திருப்பித் தராது. விடையை வேறொரு மாறியில் வாங்கினால் அதில் நன் (எதுவும் இல்லை) என்றே இருக்கும்.

சோதனைக் கோப்பில் ஒரு புள்ளியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்: 80.27, 13.08ஐ 32644க்கு மாற்றினால் 4,20,900க்கும் 14,46,100க்கும் நூறு மீட்டருக்குள் வர வேண்டும். டேட்டாபேஸ் வழியாக ஒருமுறை, பைத்தான் வழியாக ஒருமுறை. கண்டெய்னர் இமேஜையோ நூலகப் பதிப்பையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை ஓடட்டும்.